மானக்கேடும் நாணயக்கேடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி, கட்டுரை, புகார்க் கடிதம், மொழிபெயர்ப்பு என்று எதை எழுத உட்கார்ந்தாலும் மானம், அவமானம், நேர்மை, நாணயம் ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். தப்பு செய்தது யார், தலைகுனிய வேண்டியது யார் என்பதே அதில் சில சமயம் இடம் மாறிவிடுகிறது. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

‘டிஸ்ஆனர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் எது?

ஒரே சொல்லாகக் கேட்டால் ‘மானக்கேடு’ என்று சொல்லலாம். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. ஒருவரின் மதிப்பு போய்விட்ட நிலையைச் சொல்ல மானக்கேடு, அவமானம், இழிவு எல்லாம் வரும். ஒருவரை மதிக்காமல் நடத்துவதைச் சொல்ல அவமதித்தல், இழிவுபடுத்துதல். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததைச் சொல்ல வாக்குத் தவறுதல், சொல் மாறுதல். வங்கி காசோலையைப் பணமாக்காமல் திருப்பி அனுப்புவதற்குக் ‘காசோலை திரும்புதல்’ போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைத் தேடிப்பிடித்து எல்லா வாக்கியத்திலும் திணிக்க வேண்டியதில்லை.

அவமானம், அவமதிப்பு, அவமரியாதை மூன்றும் ஒன்றுதானே?

மூன்றிலும் முன்னால் நிற்கும் ‘அவ’ வடமொழி முன்னொட்டு. கீழே, தாழ்வாக என்ற பொருளைத் தரும். அதற்குமேல் மூன்றும் மூன்று வழியில் போகின்றன.

அவமானம் ஒருவருக்கு நேர்வது, அவர் உணர்வது. அவமதிப்பு ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. ஒருவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இன்னொருவரைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திட்டு வாங்கியவர் அதைப் பொருட்படுத்தாமல் சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கிறார். அங்கே அவமதிப்பு நடந்திருக்கிறது, அவமானம் நடக்கவில்லை. மேடையில் பேச எழுந்தவருக்கு நடுவில் பேச்சு மறந்துபோகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு அவமானமாக இருக்கிறது. இங்கே அவமதித்தவர் என்று யாருமே இல்லை.

அவமரியாதை இவற்றைவிட லேசானது. மரியாதை என்ற சொல்லின் வடமொழி மூலத்துக்கு எல்லை, வரம்பு என்று பொருள். ‘மரியாதையாகப் போய்விடு’ என்று மிரட்டும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உள்ளே இருப்பதுபோலத்தான் படுகிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்காதது, ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்பது போன்றவை அவமரியாதை. இதற்கெல்லாம் ‘அவமானப்படுத்திவிட்டான்’ என்று எழுதினால் மிகை.

ஒருவர் ‘அவமானப்பட்டார்’ என்றால் அவர் மேல் தப்பு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. ஆனால் வாக்கியம் அப்படி ஒரு வாசனையைக் கிளப்பிவிடும். அவமானம் என்ற சொல் ஒட்டிக்கொள்வது பாதிக்கப்பட்டவர் மேல். செய்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுவார். ‘ஊழியருக்கு அலுவலகத்தில் அவமானம்’ என்று தலைப்பு வைத்தால் ஊழியர்தான் கண்முன் நிற்கிறார். ‘ஊழியரை அவமதித்த மேலாளர்’ என்றால் கேள்வி மேலாளரை நோக்கிப் போகிறது. நடந்தது ஒன்றேதான்.

இதன் மோசமான வடிவம் ‘மானபங்கம்’. பெண் மீது நடந்த அத்துமீறலை, அவளுடைய மானத்துக்கு வந்த குறைவாகச் சொல்லும் சொல் அது. குற்றம் செய்தவன் ஒருவன், மானம் போனது இன்னொருவருக்கு என்று கணக்கு முடிகிறது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் அதே கதைதான். அதனால்தான் பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு, பாலியல் அத்துமீறல் ஆகிய சொற்கள் எழுத்தில் இடம்பிடித்தன. நாகரிகத்துக்காகப் பூசி மெழுகியதாகச் சிலர் இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்றத்தின் பெயரில் குற்றம் செய்தவனின் செயல் இருக்க வேண்டும் என்பது சாதாரணமான எதிர்பார்ப்பு.

‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்தது ‘ஆணவக் கொலை’ ஆனதும் இதே காரணத்தால்தான். சாதி மாறித் திருமணம் செய்ததற்காகத் தன் வீட்டுப் பிள்ளையையோ, அவளோ அவனோ தேர்ந்தெடுத்த துணையையோ கொல்வதில் கௌரவம் எங்கே இருக்கிறது? கொலைகாரர்கள் தங்கள் செயலுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை நாமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். தமிழில் அண்மைக் காலத்தில் நடந்த சொல் மாற்றங்களில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன். ஒரு சொல் மாறியதும் மானக்கேடு யாருடையது என்பது தெளிவாகிவிட்டது.

இழிவு, இழுக்கு, பழி, களங்கம், அவப்பெயர்: இவற்றை எப்படிப் பிரித்துப் பயன்படுத்துவது?

இழிவு என்பது இறக்கம். இருந்த நிலையிலிருந்து கீழே வருவது. ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை’ என்ற குறளில் (964) இரண்டு ‘இழிந்த’வும் அந்தப் பொருளில்தான் வருகின்றன. தலையில் இருக்கும்வரை எண்ணெய் தடவிச் சீவுகிறோம், உதிர்ந்து விழுந்துவிட்டால் அதே முடியைத் தொடவும் அருவருக்கிறோம்.

இழுக்கு என்பது வழுக்கல். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்று 415ஆம் குறள் சொல்வது வழுக்கும் நிலத்தில் உதவும் ஊன்றுகோலைத்தான். ஆகவே இழுக்கு என்ற சொல்லில் ஒரு சறுக்கல் இருக்கிறது, எழுந்துகொள்ள இடமும் இருக்கிறது. ‘அவர் செய்கை பதவிக்கு இழுக்கு’ என்றால் கண்டனம்தான், ஆனாலும் ஆளையே ஒழித்துக்கட்டும் கண்டனம் இல்லை.

பழி ஊர் சொல்வது. உண்மையாகவும் இருக்கலாம், வீணாகவும் இருக்கலாம். வீண் பழி என்று சொல்ல முடிகிறது, வீண் இழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. களங்கமும் கறையும் வெள்ளைத் துணியில் பட்டவை போல. முன்பு சுத்தமாக இருந்த ஒன்றுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே பெயர் கெட்ட ஒருவரைப் பற்றி ‘அவர் பெயருக்குக் களங்கம் வந்தது’ என்று எழுதினால் படிப்பவர் புன்னகைப்பார். அவப்பெயர், கெட்ட பெயர் இரண்டும் விளைவைச் சொல்பவை. காரணத்தைப் பற்றி வாய் திறக்காதவை.

மானமும் நாணமும் ஒன்றா?

ஒன்றில்லை. இந்தப் பக்கத்தில் இதை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

திருக்குறளில் மானத்துக்குத் தனி அதிகாரம் உண்டு, 97ஆவது. நாணுடைமைக்கும் தனி அதிகாரம், 102ஆவது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு அதிகாரம் எதற்கு? மானம் தன் நிலையிலிருந்து இறங்காமல் இருப்பது. நாண் தகாத செயலைச் செய்யக் கூசுவது. நாணம் என்றதும் இன்று நமக்குப் பெண்ணின் வெட்கம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குழப்பம் வரும் என்று தெரிந்தோ என்னவோ, அதிகாரத்தின் முதல் குறளே ‘கருமத்தால் நாணுதல் நாணு’ என்று தொடங்கி, செய்த செயலுக்காகக் கூசுவதுதான் நாண், அழகிய நெற்றியுடைய பெண்களின் நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறது.

மானம் போனதை வெளியே இருப்பவர் பார்க்கலாம். நாண் போனதை உடனே பார்க்க முடியாது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில், ‘வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்’ (271) என்று வருகிறது. ஊர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது, ஆளுக்கு நல்ல பெயர், சபையில் முதல் இருக்கை. உள்ளே ஐம்பூதங்களும் அவனைப் பார்த்துச் சிரிக்கின்றன. மானக்கேடே வராத நாணயக்கேடு இது. பிடிபடாதவரை நேர்மையின்மைக்கு அவமானம் கிடையாது. பிடிபட்ட பிறகும் சிலருக்கு வருவதில்லை. அவர்களைத்தான் வெட்கங்கெட்டவர், சூடு சொரணை இல்லாதவர் என்கிறோம்.

கவரிமான் முடி உதிர்ந்தால் செத்துவிடும் என்பது உண்மையா? மானத்துக்காக உயிரை விட வேண்டும் என்றா குறள் சொல்கிறது?

முதலில் அது மான் இல்லை. குறளில் (969) இருப்பது ‘கவரிமா’. மா என்றால் விலங்கு. இமயத்துப் பக்கம் வாழும், உடலெல்லாம் நீண்ட முடி தொங்கும் மாட்டினம் அது. புறநானூற்றின் 132ஆம் பாட்டும் நரந்தம்புல் மேயும் கவரியை இமயத்தில்தான் காட்டுகிறது. அதன் வால் முடியில் செய்வதே கவரி, அதாவது சாமரம். முடி உதிர்ந்தால் உயிர் விடும் என்பது கவிமரபில் வந்த நம்பிக்கை. உண்மையில் அதன் முடியை மனிதர்கள் வெட்டிக் கயிறும் போர்வையும் செய்கிறார்கள், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கிறது.

குறள், மானத்தை உயிரைவிட மேலாக நினைப்பவர்களின் இயல்பைச் சொல்கிறது. அதை நம் செய்திகளுக்கு உரையாகப் போடுவதுதான் தவறு. ‘அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்’ என்ற வாக்கியம் நாள்தோறும் அச்சாகிறது. அவமானம் வந்தால் அதுதான் வழி என்பதுபோல் அது படிப்பவர் மனதில் பதியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டுதல்களும் இத்தகைய மரணத்தை ஒற்றைக் காரணத்தில் அடக்கிச் சொல்ல வேண்டாம் என்கின்றன. அவமதித்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதை எழுதுங்கள். அதுதான் செய்தி.

‘இன்டெக்ரிட்டி’ என்பதை நேர்மை என்று சொன்னால் போதுமா?

பெரும்பாலும் போதும். பணம் சார்ந்த இடத்தில் நாணயம். சொன்னதைச் செய்வது பற்றிய இடத்தில் வாக்குச் சுத்தம், சொல் தவறாமை. ‘நாட்டின் ஒற்றுமையும் ஒருமைப்பாடும்’ என்னும்போது ஒருமைப்பாட்டுக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் மூலம் என்பதால் சிலர் ‘ஒருமைப்பாடு உள்ள அதிகாரி’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அவர் யாரோடு ஒருமைப்பட்டார் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு முழுமை, குறைபடாமை என்று பொருள். அந்தப் பொருளையே சொல்லும் பழைய தமிழ்ச்சொல் ஒன்று இருக்கிறது: சால்பு. சால்தல் என்றால் நிறைதல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் அதிலிருந்து வந்தவை. சால்பைத் தாங்கும் தூண்கள் என்று 983ஆம் குறள் ஐந்தைச் சொல்கிறது: அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை. உண்மை பேசுவது அதில் ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நாணும் தூண்களில் ஒன்று. தகாததைச் செய்யக் கூசாதவன் பொய்யே சொல்லாவிட்டாலும் அவனிடம் சால்பு இல்லை. அன்றாட எழுத்தில் சால்பு என்று எழுதினால் கொஞ்சம் மேடைத்தமிழாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்மை என்ற சொல் போதாத இடத்தில் வேறு எது இருக்கிறது?

நாணயம் என்பது ‘நா நயம்’ என்பதிலிருந்து வந்ததா?

இல்லை, அது மேடைச் சிலேடை. ‘நா நயம் இருக்கிறது, நாணயம்தான் இல்லை’ என்று சொல்ல வசதியாக இருப்பதால் ஒட்டிக்கொண்டது. நாணயம் என்பது காசு. அது நம்பகத்தன்மைக்கும் பெயரானது.

நேர்மையின்மையைக் குறிக்கச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றனவே, எதை எங்கே போடுவது?

என்ன தவறியது என்று முதலில் பாருங்கள்.

தவறியது பணமா? அப்போது பொறுப்பில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டால் கையாடல். பொய் சொல்லிப் பணம் பறித்தால் மோசடி. பதவியை வைத்துச் சம்பாதித்தால் ஊழல், அதற்கு வாங்கினால் லஞ்சம், நல்ல தமிழில் கையூட்டு. விதியை மீறியிருக்கிறார்கள், யார் சம்பாதித்தது என்று இன்னும் தெரியவில்லை என்றால் முறைகேடு. பத்திரிகைகளுக்கு முறைகேடு பிடித்த சொல். ஆதாரம் கையில் வரும்வரை பாதுகாப்பானது என்பது ஒரு காரணம். கையோடு ஒட்டிய பேச்சுவழக்கும் நிறைய: கை சுத்தமானவர், கை நீளமானவர். ‘கை நீட்டினார்’ என்பதில் மட்டும் ஜாக்கிரதை, அடித்தார் என்றும் ஆகும், வாங்கினார் என்றும் ஆகும்.

தவறியது சொல்லா? வாக்குத் தவறினார், பேச்சு மாறினார், நாக்குப் புரண்டது. அரசியலில் பல்டி அடித்தார். இன்னும் வேகமாக மாறினால் அந்தர் பல்டி.

உள்ளும் புறமும் வேறாக இருப்பதா? கபடம், இரட்டை வேடம், போலித்தனம். சிரித்துப் பழகிக்கொண்டே கெடுதல் செய்வது நயவஞ்சகம். நயம் என்ற நல்ல சொல்லை வஞ்சகத்தின் முன்னால் ஒட்டியவர் யாரோ, அப்படிப்பட்ட ஆள் ஒருவரிடம் நன்றாக அனுபவப்பட்டிருக்க வேண்டும்.

நம்பியவரைக் கெடுப்பதா? துரோகம். அந்நியர் செய்தால் அது துரோகம் ஆகாது. முன்பின் தெரியாதவர் உங்களை ஏமாற்றிவிட்டு ஓடினால் அது ஏமாற்று. பத்து வருடம் கூடவே இருந்தவர் செய்தால்தான் துரோகம்.

பித்தலாட்டம், தில்லுமுல்லு, திருகுதாளம் ஆகியவை பேச்சுக்கு ருசியான சொற்கள். கடுமையான குற்றத்துக்கு இவற்றைப் போட்டால் குற்றம் விளையாட்டுபோல ஆகிவிடும். தேர்வுத்தாளைத் திருடி விற்பதைத் ‘தில்லுமுல்லு’ என்று எழுதக் கூடாது.

‘நேர்மையற்றவர்’, ‘நேர்மை தவறியவர்’: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். அற்றவர் என்றால் அவரிடம் அது இல்லவே இல்லை. அது குணத்துக்கு ஒட்டும் முத்திரை. தவறியவர் என்றால் ஒரு செயலில் பிசகினார், அவ்வளவுதான். ‘கெட்ட’ சேர்ந்தால் இன்னொரு சாயல் வரும். மானங்கெட்டவன் என்றால் இருந்ததைக் கெடுத்துக்கொண்டவன். அதில் கோபத்தோடு ஒரு ஆதங்கமும் இருக்கிறது. ஒழுங்கீனத்தையும் ஒழுக்கக்கேட்டையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. வேலைக்குத் தாமதமாக வருவது ஒழுங்கீனம். அதற்காக ஒழுக்கக்கேடு என்று குறிப்பாணையில் எழுதினால் அந்த ஊழியர் வழக்குக்கே போகலாம்.

அயோக்கியன், கயவன், கேவலமானவன் போன்ற சொற்களை எழுத்தில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எடை தெரிந்து.

யோக்கியம் என்றால் தகுதி. அயோக்கியன் தகுதியில்லாதவன். சொல்லின் பிறப்பு இவ்வளவு சாதுவாக இருந்தாலும் இன்று அது அடிக்கிற சொல். யோக்கியன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரையும் நம் பேச்சு விடவில்லை: ‘யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை.’

கயவன் இன்னும் கனமானது. பொருட்பாலின் கடைசி அதிகாரம் (108) கயமை. ‘மக்களே போல்வர் கயவர்’ என்று அது தொடங்குகிறது. பார்க்க மனிதரைப் போலவே இருப்பார்கள், அவ்வளவு ஒற்றுமையை வேறெங்கும் கண்டதில்லை என்ற கேலி.

கேவலம் கதை வேடிக்கையானது. வடமொழியில் அது ‘தனித்த, வெறும், மட்டும்’ என்ற பொருளுடைய சொல். சமணத்தில் மிக உயர்ந்த அறிவுக்கே கேவல ஞானம் என்று பெயர். கன்னடத்தில் இன்றும் ‘மட்டும்’ என்பதுபோல வருகிறது. தமிழில் அது ‘வெறும்’ என்பதிலிருந்து ‘அற்பம்’ ஆகி, அங்கிருந்து ‘இழிவு’ ஆகிவிட்டது. ‘கேவலம் ஒரு கையெழுத்துக்காக இத்தனை அலைச்சல்’ என்னும்போது பழைய பொருள் எட்டிப்பார்க்கும்.

தவிர்க்க வேண்டிய வசைகளும் உண்டு. கேப்மாரி என்பதை நாணயமற்றவன் என்ற பொருளில் சகஜமாகச் சொல்கிறோம். அது ஒரு சமூகத்தைக் குறித்த பெயர். பிரிட்டிஷ் ஆட்சி 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பாலேயே மனிதர்களைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. சட்டம் 1952இல் போய்விட்டது, வசை மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. ஒரு ஆளின் நேர்மையைக் குறைசொல்ல ஒரு சமூகத்தின் பெயரை எடுப்பதைவிட நாணயக்கேடு வேறென்ன?

‘செக் மோசடி வழக்கு’ என்று எழுதுவது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. இந்தியாவில் இந்த வழக்குகள் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138ஆம் பிரிவின் கீழ் வருகின்றன. கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்பினால், வங்கி தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கொடுக்காவிட்டால் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. மோசடிக்கோ அந்த நோக்கம்தான் உயிர். வியாபாரம் நொடித்துப்போன ஒருவரையும் திட்டமிட்டு ஏமாற்றியவரையும் ஒரே தலைப்பில் மோசடிக்காரர் ஆக்கிவிடுகிறோம். ‘காசோலை திரும்பிய வழக்கு’ என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அவதூறு வழக்கு, மானநஷ்ட வழக்கு, நீதிமன்ற அவமதிப்பு: இவை?

பொய்யாக ஒன்றைச் சொல்லியோ எழுதியோ ஒருவரின் பெயரைக் கெடுப்பது அவதூறு. இந்தியாவில் அது இன்னும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002லேயே நீக்கப்பட்டுவிட்டது, உரிமையியல் வழக்கு மட்டும் போடலாம். போன பெயருக்கு ஈடாகப் பணம் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் போடுவதைத்தான் பொதுவாக மானநஷ்ட வழக்கு என்கிறோம். மானத்துக்கு நஷ்டக் கணக்குப் போட முடியுமா என்பது வேறு விஷயம்.

நீதிமன்ற அவமதிப்பு என்றதும் நீதிபதியைத் திட்டியதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்தரவை வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருப்பதும் அவமதிப்புதான். அதிகாரிகள் மீது வரும் வழக்குகளில் பல இந்த வகை.

ஒருவரின் நேர்மையில் சந்தேகம் வந்தால் அதை எப்படி எழுதுவது?

ஒரு அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் சங்கம் ஒன்றின் பொருளாளர் பதவி முடிந்து போனார், கணக்கு ஒப்படைக்கவில்லை. கோபத்தில் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

‘நம் சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றிய நாணயமற்ற முன்னாள் பொருளாளர், உறுப்பினர்களின் பணத்தைக் கையாடல் செய்து நம்பிக்கைத் துரோகம் இழைத்துவிட்டார்.’

இதில் தெரிந்த விஷயம் எத்தனை? பணத்தை எடுத்தார் என்று யாராவது பார்த்தார்களா? இல்லை. அப்படியானால் ‘கையாடல்’ போகட்டும். ‘நாணயமற்ற’ என்பது குணத்துக்கு வைத்த பெயர், அதுவும் போகட்டும். ‘துரோகம்’ கையாடலை நம்பி நின்ற சொல், தானாகவே விழுந்துவிடும். சங்கத்தின் மானம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, எழுதியவரின் கோபம்தான் அங்கே பேசுகிறது. மிஞ்சுவது இவ்வளவு:

‘முன்னாள் பொருளாளர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வரவு செலவுக்கு ரசீதுகளை ஒப்படைக்கவில்லை. இரண்டு முறை எழுத்தில் கேட்டும் பதில் வரவில்லை. கணக்கைத் தணிக்கைக்கு அனுப்பச் செயற்குழு முடிவு செய்துள்ளது.’

இரண்டையும் படித்துப் பாருங்கள். யாருக்குப் பயம் வரும் என்று நினைக்கிறீர்கள், முதலாவதைப் படித்தாலா, இரண்டாவதைப் படித்தாலா? முதலாவதற்குப் பொருளாளர் அவதூறு வழக்குப் போடுவார். இரண்டாவதற்கு ரசீதுகளைத் தேடுவார்.

மானம் கப்பலேறுவது, சந்தி சிரிப்பது, மூக்கறுபடுவது எல்லாம் ஒரே அளவா?

இல்லை. மூக்கறுபடுவது சின்னது. வீறாப்பாகப் பேசிவிட்டுத் தோற்பவருக்கு நேர்வது, கேட்பவருக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கும். முகத்தில் கரி பூசியது நம்மவர் யாரோ செய்த காரியத்தால். மானம் கப்பலேறுவதும் சந்தி சிரிப்பதும் வீட்டு விஷயம் வெளியே போய்விட்டது என்பதைச் சொல்பவை. நடந்தது தப்பா என்பதைப் பற்றி இவற்றுக்குக் கவலையில்லை, நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. மகள் தனக்கு நடந்த கொடுமையை வெளியே சொன்னால் ‘மானத்தை வாங்கிட்டியே’ என்று அவளைத்தான் ஏசுவார்கள், கொடுமை செய்தவனை விட்டுவிடுவார்கள்.

அரசு, நிறுவனக் கடிதங்களில் வரும் ‘கண்ணியக் குறைவு’ எதைக் குறிக்கிறது?

நடத்தை, பேச்சு பற்றியது. நேர்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கண்ணியமாகப் பேசும் லஞ்சப் பேர்வழியும் உண்டு, கரடுமுரடாகப் பேசும் கை சுத்தமானவரும் உண்டு.

ஒருவரை அவமதித்துவிட்டோம், மன்னிப்புக் கடிதத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

‘உங்களுக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு வருந்துகிறேன்’ என்று எழுத வேண்டாம். அவமானம் தானாக மழைபோல் வந்து அவர் மேல் பெய்ததுபோல் இருக்கிறது. ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்பது அதைவிட மோசம், புண்பட்டது அவருடைய குறை என்று ஆகிவிடும். ‘கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உங்களை அவமதித்துப் பேசினேன். அது தவறு. மன்னியுங்கள்’ என்று எழுதுங்கள். பேசியது கூட்டத்தில் என்றால், இதையும் அடுத்த கூட்டத்திலேயே படித்துவிடுவது நல்லது.